சாய்வு நாற்காலியின் சரித்திரம்

நாற்காலி என்னும் சொல் நம் வழக்கில் ஒரு மரச் சாமானை மட்டும் குறிப்பதில்லை. பதவியையும் அதுவே குறிக்கிறது. நாற்காலிக்குப் போட்டி என்று யாரேனும் சொன்னால், அது தச்சுப்பட்டறை வாசலில் நடக்கும் போட்டி அன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே நாற்காலிக்கு முன்னே 'சாய்வு' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. முதுமை, ஓய்வு, செல்வச் செழிப்பு, சில வேளைகளில் சோம்பல் ஆகியவையே அப்போது நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன.

நம் சமுதாயத்து இல்லங்கள் பலவற்றில் இந்நாற்காலிக்கென ஓர் இடம் இருந்தது. வீட்டின் முகப்பிலே, காற்றும் வெளிச்சமும் வரும் பக்கமாக அது போடப்பட்டிருக்கும். கடல் கடந்து சென்று பொருள் ஈட்டித் திரும்பிய குடும்பத் தலைவர் அதில் அமர்ந்திருப்பார். வாப்பா என்றும் அத்தா என்றும் அழைக்கப்பட்ட அப்பெரியவர் வெளியே சென்றிருக்கும் நேரத்திலும் பிள்ளைகள் அதில் ஏறி அமர அஞ்சுவர். பெண்மக்கள் அதில் அமரும் வழக்கமே பெரும்பாலும் இருந்ததில்லை. தோப்பில் முஹம்மது மீரான், 1997-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தம் நாவலுக்குச் 'சாய்வு நாற்காலி' என்று பெயர் சூட்டினார். பழம்பெருமையிலே சாய்ந்து கிடந்து, முன்னோர் சேர்த்து வைத்த பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு குடும்பத் தலைவரின் வீழ்ச்சியை உரைக்க அதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?

எனினும் இந்நாற்காலி பிறந்த கதை வேறு. அது சோம்பலின் வயிற்றில் பிறந்ததன்று. நோயினால் வாடிய உடல், செய்தே தீர வேண்டிய அலுவலைக் கைவிடாதிருப்பதற்காகக் கண்ட வழி அது. வேலைக்கும் ஓய்வுக்கும் ஒருங்கே உதவ வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அந்நோக்கம் எப்படி மறைந்தது, இன்று எப்படி மீண்டும் வருகிறது, இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் யாருடைய சுகத்திற்காக யாருடைய கரங்கள் அதைச் செய்தன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாய்தலும் கடமையும்

சாய்ந்திருத்தலைப் பற்றி நம் மார்க்கம் கொண்டுள்ள கருத்தை முதலில் நினைவுகூர்வது நலம். சுவனவாசிகள் உயர்ந்த ஆசனங்களில் சாய்ந்து மகிழ்ந்திருப்பார்கள் என்று திருக்குர்ஆன் யாஸீன், அல்கஹ்ஃபு, அர்ரஹ்மான் முதலிய அத்தியாயங்களில் எடுத்துரைக்கிறது. அங்கே சாய்வு என்பது உழைப்பிற்குப் பின் கிடைக்கும் நற்கூலி. அண்ணல் நபி (ஸல்) அவர்களோ சாய்ந்தபடி உணவருந்துவதில்லை எனக் கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இரண்டும் முரண் அல்ல. சாய்தல் தன்னளவில் குற்றமன்று. அது எந்த மனநிலையின் வெளிப்பாடு என்பதே கேள்வி.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் செய்தி. மூலநோயால் வருந்திய அவர், தொழுகையைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார். நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் அவருக்கு வழிகாட்டப்பட்டது. இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடமை அப்படியே நிற்கிறது. உடல் இருக்கும் நிலை மட்டும் மனிதனின் சக்திக்கேற்ப மாறுகிறது. நோயைக் காட்டிக் கடமையைத் தள்ளிவிடவும் இல்லை. கடமையைக் காட்டி உடலை வதைக்கவும் இல்லை. நிலை மாற்றக்கூடிய நாற்காலி ஒன்றை வடிவமைக்கும் தச்சரும் இதே வினாவுக்குத்தான் மரத்திலும் இரும்பிலும் விடை தேடுகிறார்.

எஸ்கோரியல் அரண்மனையின் நோயாளி

அவ்வாறு தேடிய விடைகளுள், படத்துடனும் விளக்கத்துடனும் நமக்குக் கிடைத்துள்ள பழையது ஒன்று ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தது. 1556 முதல் 1598 வரை அந்நாட்டை ஆண்ட இரண்டாம் பிலிப் மன்னனுக்காக அது செய்யப்பட்டது.

பிலிப் போர்க்களத்தில் வாள் சுழற்றி ஆண்டவன் அல்லன், காகிதத்தால் ஆண்டவன். மத்ரீதுக்கு அருகே 1563-இல் தொடங்கி 1584-இல் கட்டி முடிக்கப்பட்ட எஸ்கோரியல் மாளிகையின் எளிய அறைகளில் அமர்ந்து, உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த கடிதங்களைத் தானே படித்து, ஓரங்களில் தன் கைப்படக் குறிப்பெழுதி ஆட்சி நடத்தினான். அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியும், நெதர்லாந்தும், இத்தாலியின் சில நாடுகளும், அவன் பெயரையே தாங்கிய பிலிப்பைன்ஸ் தீவுகளும் அந்த மேசைக்குக் கட்டுப்பட்டிருந்தன.

அத்தகைய மனிதனை வாதரத்தம் என்னும் நோய் பற்றியது. இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாகி மூட்டுகளில் தங்கிவிடுவதால் வரும் நோய் இது. போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்க முடியாத வேதனையைத் தரும் என்பர். நடுவயதிலேயே தொடங்கிய அந்நோய், முதுமையில் அவன் கால்களையும் கைகளையும் முடக்கியது. நடக்க இயலவில்லை, நெடுநேரம் நிமிர்ந்து அமரவும் இயலவில்லை. கட்டிலில் கிடந்தாலோ கடிதங்கள் குவிந்தன.

1590-களில் அவன் அந்தரங்கப் பணியாளராக இருந்தவர் ழான் லெர்மித். ஆண்ட்வெர்ப் நகரத்தவரான இவர், அரசவை வாழ்வைப் பற்றிய தம் குறிப்புகளில் மன்னனின் நாற்காலி ஒன்றை வரைந்து விளக்கியும் வைத்தார். 1595-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் அந்நாற்காலியின் முதுகுப் பலகையும் கால் பலகையும் கீல்களில் அசைந்தன. பக்கங்களில் பல் வெட்டிய வளைந்த இரும்புச் சட்டங்கள் இருந்தன. சட்டத்தின் எந்தப் பல்லில் நிறுத்துகிறோமோ அந்தச் சாய்வில் பலகை நிற்கும். நிமிர்ந்த இருக்கையாகவும், பாதி சாய்ந்த ஆசனமாகவும், ஏறத்தாழக் கட்டிலாகவும் அது மாறியது. குதிரை மயிர் திணித்த மெத்தையும் இடம் மாற்றுவதற்கான சிறு சக்கரங்களும் உடன் இருந்தன. மரம், தோல், சாதாரண இரும்பு ஆகியவற்றால் ஆனதேயாயினும், மன்னனுக்கு அளித்த சுகத்தைக் கருதினால் அதன் எடைக்குப் பன்மடங்கு பொன்னும் வெள்ளியும் ஈடாகா என்ற கருத்தை லெர்மித் எழுதி வைத்துள்ளார்.

வேலைக்கும் ஓய்வுக்குமான நாற்காலி என்ற கருத்தின் முழு உருவம் இங்கே இருக்கிறது. காலையில் கடிதம், நண்பகலில் சிறு துயில், மாலையில் மீண்டும் கடிதம். உடல் ஒரே இடத்தில் இருக்க, நாற்காலி அதன் தேவைக்கேற்ப மாறியது.

மேசையின் மறுபக்கம்

இந்நோயாளியின் பொறுமையை வியக்கும் நாம், அவன் மேசையிலிருந்து புறப்பட்ட ஆணைகளை மறந்துவிடலாகாது. 1567-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரனாடாவில் வெளியிடப்பட்ட அரசாணை, அந்தலுஸில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்களுக்கு அரபு மொழியைத் தடை செய்தது. அவர்களுடைய உடையையும் பெயர்களையும் குளியல் மண்டபங்களையும்கூட அது விட்டுவைக்கவில்லை. 1568-இன் இறுதியில் அல்புஹாரா மலைகளில் மூண்ட கிளர்ச்சி 1571 வரை நீடித்து நசுக்கப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு காஸ்டீல் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, அவன் மகன் மூன்றாம் பிலிப்பின் காலத்தில், மொரிஸ்கோக்கள் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர்.

நம் கடற்கரைக்கும் அந்த மேசைக்கும் தொடர்பு உண்டு. 1580-இல் போர்ச்சுக்கல் அரசுரிமையும் பிலிப்பின் கைக்கு வந்தது. அதனுடன் கோவாவும், கொழும்பும், இந்தியப் பெருங்கடலில் போர்ச்சுகீசியரின் கோட்டைகளும் அவனுடையவை ஆயின. மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலில் போர்ச்சுகீசியரின் கொடுமைகளை எழுதி வைத்தது இம்மன்னனின் காலத்தில்தான். நாற்காலி வரையப்பட்ட அதே 1595-இல், குஞ்ஞாலி மரைக்காயர்களுள் நான்காமவர் கோட்டக்கல் கோட்டையின் தலைமையை ஏற்றார். 1600-இல் அக்கோட்டை வீழ்ந்தது. சரணடைந்த மரைக்காயரைக் கோவாவுக்குக் கொண்டு சென்று கொன்றனர்.

பிலிப் அதைக் காண உயிரோடு இல்லை. 1598-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், ஐம்பது நாட்களுக்கு மேல் படுத்த படுக்கையாகக் கிடந்து அவன் இறந்தான். இறுதியில் அவனை அசைப்பதே பெரும் வேதனையாயிற்று. பல் வெட்டிய சட்டம் எந்தப் பல்லில் நின்றாலும் பயனில்லை. தன் உடலின் ஒவ்வொரு மூட்டுக்கும் இதம் தேடிய மன்னன், பிறர் உடல்கள் பட்ட துயரை அதே அக்கறையுடன் எண்ணிப் பார்த்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. ஆறுதல் தரும் கருவிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த முரண்பாட்டை நாம் சந்திக்க நேர்கிறது.

தச்சர்களின் உளி

பல் வெட்டிய சட்டம் மன்னனோடு மறையவில்லை. 1670-களில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம் ஹவுஸ் மாளிகைக்காக முதுகு சாயும் 'உறங்கு நாற்காலிகள்' செய்யப்பட்டன. பிரபுக்கள் வீட்டில் அவை பொன்முலாம் பூசிக்கொண்டன. வேலை பின்னுக்குச் சென்று சுகம் முன்னுக்கு வந்ததன் தொடக்கம் இது.

மற்றொரு கிளை அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்றது. பெருக்கல் குறிபோல் குறுக்காகச் சந்திக்கும் கால்களைக் கொண்ட ஒருவகை நாற்காலி, முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடாவின் கைவினைக்குப் பெயர் பெற்றது. தந்தமும் பலநிற மரமும் இழைத்த அத்தகைய நாற்காலிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஸ்பானியர் வழியாக மெக்சிகோவுக்குச் சென்ற குறுக்குக்கால் மரபில், பின்னோக்கித் தாழ்ந்து சாயும் தோல் இருக்கை கொண்ட கம்பீச்சி நாற்காலி உருவானது என்று ஆய்வாளர் கருதுவர். கைவினைஞரைச் சிதறடித்தாலும் கைவினை எங்கோ ஓரிடத்தில் துளிர்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் மூன்றாம் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் இந்தக் கம்பீச்சி நாற்காலியை மிகவும் விரும்பியவர். தம் இளமையில் குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் என்ற முறையில் அவரை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம். நாளெல்லாம் கடிதம் எழுதும் வழக்கமுடைய அவருக்கும் வாதநோய் வந்தது. தம் மாண்டிசெல்லோ இல்லத்தில் சுழலும் நாற்காலி ஒன்றுடன் கால் நீட்டிக்கொள்ள ஒரு நீள் இருக்கையைச் சேர்த்து, அதன்மேல் எழுதும் மேசையையும் அமைத்துக்கொண்டார். சாய்ந்தபடியே எழுதும் இந்த ஏற்பாடு, பிலிப்பின் நாற்காலிக்குத் தூரத்து உறவு எனலாம்.

ஆனால் மாண்டிசெல்லோவின் கம்பீச்சி நாற்காலிகளைச் செய்தவர் யார்? ஜான் ஹெமிங்ஸ் என்னும் தச்சர். அவர் ஜெஃபர்சனின் அடிமை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கருத்தைச் சாசனமாக எழுதியவருடைய முதுகு சாய, தம் உடல்மீதே உரிமையில்லாத ஒருவர் மரம் இழைத்தார். 1826-இல் இறந்த ஜெஃபர்சன், ஹெமிங்ஸுக்கு ஓராண்டுக்குப் பின் விடுதலையும், அவருடைய பட்டறைக் கருவிகளும் உரியவை என உயில் எழுதியிருந்தார். அந்தக் கருவிகளால் அவர் எத்தனை பேருக்கு ஓய்வு செய்து கொடுத்திருந்தாரோ, தமக்கு ஓய்வு வர முதுமை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் இதே காலத்திற்குச் சற்றுப் பின் வேறொரு தச்சர் தோன்றுகிறார். 1866-ஆம் ஆண்டில் சசெக்ஸ் நாட்டுப்புறத்தில் எப்ராயிம் கோல்மன் என்னும் முதியவர் செய்திருந்த நாற்காலி ஒன்றை வில்லியம் மோரிஸ் நிறுவனத்தின் மேலாளர் கண்டார். அதன் முதுகு கீலில் அசைந்தது. பின்னால் குறுக்கே கிடந்த கழியை இடம் மாற்றினால் சாய்வும் மாறியது. நிறுவனத்தின் கலைஞர் பிலிப் வெப் அதைத் திருத்தி அமைக்க, 'மோரிஸ் நாற்காலி' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பெயர் முதலாளிக்குச் சென்றது. கருத்தோ ஓர் ஏழைத் தச்சருடையது. எனினும் ஒரு நன்மை விளைந்தது. மன்னர் மாளிகையின் பல் வெட்டிய சட்டம், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ஒரு மரக் கழியாக எளிமையடைந்தது.

நம் நாட்டில் நாம் கண்ட துணிச் சாய்வு நாற்காலியும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். இரண்டு மரச் சட்டங்கள், அவற்றுக்கிடையே தொய்வாகக் கட்டிய கெட்டித் துணி, பின்சட்டத்தின் குறுக்குக் கட்டையைத் தாங்கச் சில வெட்டுப் பள்ளங்கள். பள்ளத்தை மாற்றினால் சாய்வு மாறும். ஆனால் அதை மாற்ற அமர்ந்தவர் எழுந்திருக்க வேண்டும்!

தோட்டத்து நாற்காலி

நம் நாட்டிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளின் பங்களா முகப்பில் மற்றொரு வகை நாற்காலி விளங்கியது. பிரம்பு பின்னிய நீண்ட சாய்வு இருக்கை. கால்களைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்கென முன்னோக்கி நீண்ட கைப்பிடிகள். வெப்ப நாட்டில் காற்று ஊடுருவிச் செல்ல ஏற்ற அமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் எழுதும் பலகை இல்லை. முதுகை நிமிர்த்தும் வழியும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டுமே அது ஏற்றது. எதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு? தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலிலும் கால்நடையாகவும் சென்ற நம் மக்கள், தலையில் கயிற்றால் மாட்டிய கூடையை முதுகில் சுமந்து, மலைச்சரிவில் நாளெல்லாம் நின்று கொழுந்து கிள்ளுவதை! அவர்களுக்கோ லயன் அறையின் மண்தரை.

நம்மவருள் பொருள் சேர்த்தோரும் அந்நாற்காலியை விரும்பி வாங்கினர். ஒரு பொருள் வீட்டுக்குள் வரும்போது அதன் பழக்கமும் உடன் வந்துவிடுகிறது. உழைப்பவனுக்கு உதவப் பிறந்த நாற்காலி, உழைக்காதிருத்தலே கௌரவம் என்று அறிவிக்கும் சின்னமாக நம் முகப்புகளில் அமர்ந்தது இப்படித்தான்.

சோம்பலின் பெயர்

அமெரிக்காவில் இம்மாற்றம் பெயரிலேயே பொறிக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ என்னும் சிற்றூரில் எட்வர்டு நேபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற இரு உறவினர்கள் 1928-இல் மரப்பட்டைகளால் ஒரு சாய்வு நாற்காலியைச் செய்தனர். முற்றத்தில் போடுவதற்கான அது, அமர்ந்தவர் பின்னோக்கிச் சாயும்போது உடலின் வடிவத்தைத் தொடர்ந்து தானும் அசைந்தது. எழுந்து கழியை மாற்ற வேண்டிய தொல்லை தீர்ந்தது. கடைக்காரர் ஒருவர் மெத்தை வைத்தால் ஆண்டு முழுவதும் விற்கும் என்று யோசனை கூற, அவ்வாறே செய்தனர். பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினர். தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர் 'லேசி பாய்'. அதாவது சோம்பேறிப் பையன்!

நோயுற்றும் அலுவலை விடாத ஒருவனின் அறையில் தொடங்கிய கருவி, ஏறத்தாழ 330 ஆண்டுகளில் சோம்பேறி என்ற பெயரைப் பெருமையுடன் சூடிக்கொண்டது. தொலைக்காட்சி வந்த பின்னர் அதன் ஆட்சி வீடுகளில் மேலும் விரிந்தது.

மருத்துவர்களின் சாட்சியம்

இவ்வாறு வேலையும் சாய்வும் பிரிந்து நின்ற காலத்தில், அவற்றை மீண்டும் சேர்த்து வைத்தவர்கள் மருத்துவர்கள். நிமிர்ந்து, தொடைக்கும் முதுகுக்கும் இடையே 90 பாகை இருக்குமாறு அமர்வதே சரி என்று பள்ளிக்கூடங்கள் போதித்து வந்தன. 1953-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கீகன், பல்வேறு நிலைகளில் எக்ஸ்ரே படங்கள் எடுத்து ஆராய்ந்தார். தொடைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 135 பாகையாக இருக்கும்போதுதான் கீழ்முதுகு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் மேலும் ஒரு படி சென்றார். உயிருள்ள மனிதரின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், முதுகுக்கு ஆதாரமின்றி அமரும்போது 140, அமர்ந்தபடி முன்னே குனியும்போது 185, மல்லாந்து படுக்கும்போது 25 என்று அவர் கணக்குக் காட்டினார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் நடந்த அளவீடு இதில் ஒரு திருத்தம் செய்தது. அமர்தல் நிற்றலைவிடத் தீங்கானது என்று அது காட்டவில்லை. ஆயினும் முதுகை நாற்காலியில் சாய்த்தால் சுமை குறைகிறது என்பதை அதுவும் உறுதி செய்தது. 2006-இல் டாக்டர் வஸீம் அமீர் பஷீரும் உடன் பணியாற்றியோரும் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 22 பேரைக் காந்தப் படக்கருவியில் அமர வைத்துச் சோதித்தனர். மூன்று நிலைகளில் 135 பாகைச் சாய்வே முதுகுக்கு இதமானது என்ற முடிவை அவர்கள் வெளியிட்டனர். எடையற்ற விண்வெளியில் மிதந்த ஸ்கைலாப் வீரர்களின் உடல் 1973-74-இல் தானாகவே கொண்ட நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அது ஏறத்தாழ 128 பாகை.

அப்படியானால் வேலைக்கும் ஓய்வுக்கும் உதவும் நாற்காலி எப்படி அமைய வேண்டும்? சரித்திரமும் மருத்துவமும் சேர்ந்து சில விதிகளைத் தருகின்றன. முதுகுப் பலகையின் கீல், அமர்பவரின் இடுப்பு மூட்டுக்கு நேராக இருத்தல் வேண்டும். தவறினால் சாயும்போது பலகை ஒருபுறமும் முதுகு ஒருபுறமுமாக உராய்ந்து சட்டையை இழுக்கும். முதுகு சாயும்போது இருக்கையின் முன்புறம் சற்றே உயர வேண்டும். இல்லையேல் உடல் வழுக்கி முன்னே வரும். கீழ்முதுகின் உட்குழிவுக்கு ஆதாரம் தேவை. கால்கள் தொங்கினால் தொடையின் அடிப்புறம் அழுந்தி இரத்த ஓட்டம் தடைப்படுமாதலால் கால் பலகையும் உடன் உயர வேண்டும். சாய்வை மாற்றும் பிடி, அமர்ந்தவரின் கைக்கு எட்ட வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது வேலை செய்யும் பலகை. உடல் சாய்ந்தால் கண்ணும் கையும் இடம் மாறிவிடுகின்றன. மேசை மட்டும் பழைய இடத்தில் நின்றால், சாய்ந்தவர் கழுத்தை முன்னே நீட்ட வேண்டியதாகும். முதுகில் தீர்ந்த வலி கழுத்தில் தொடங்கும். ஆகவே பலகையும் உடலைத் தொடர்ந்து வந்து சாய்வாக நிற்க வேண்டும். இந்த உண்மை நமக்குப் புதிதன்று. தரையில் அமர்ந்து குர்ஆன் ஓதுவதற்கு நம் இல்லங்களில் இருக்கும் மடக்குப் பலகை, ஒரே மரத்துண்டைப் பிளந்து குறுக்குக் கால்களாக விரித்தது. வேதத்தைக் கண்ணுக்கு ஏற்ற சாய்வில் உயர்த்தித் தரும் அது, ஓதுபவரின் முதுகைக் காக்கும் கருவியுமாகும்.

யாருக்கு அந்த நாற்காலி?

இத்தனையும் அறிந்த பின் நம் வீடுகளை நோக்குவோம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்கள் தரையோடு தரையாகக் குனிந்தே பாவில் கோரையைக் கோக்கின்றனர். மேலப்பாளையத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் அவ்வாறே குனிந்திருக்கின்றனர். முன்னே குனிந்த இருக்கைக்கு நாக்கெம்சன் குறித்த 185 என்ற எண் அவர்களுடைய முதுகின்மேல் நாள்தோறும் எழுதப்படுகிறது. அவர்கள் குனிந்து ஈட்டிய காசில் வாங்கிய சாய்வு நாற்காலி முகப்பில் வேறொருவருக்காகக் காத்திருந்த வீடுகளும் உண்டு.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று போதித்த நபிகளாரின் உம்மத்தினர் நாம். நம் நல்ல நட்புக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கு மும்முறை தாயையே விடையாகக் கேட்டவர்களும் நாமே. முதியோர் தொழுவதற்காகப் பள்ளிவாசல்களில் இன்று நாற்காலிகள் வந்துவிட்டன. இயலாதவருக்குச் சலுகை என்ற நெறியின் கண்கூடான அடையாளம் அது. அந்நெறி பள்ளிவாசலோடு நின்றுவிடத் தேவையில்லை. பாய் நெய்பவருக்கு முதுகுக்கு ஆதாரமுள்ள தாழ்ந்த இருக்கை ஒன்றைச் செய்து கொடுக்க, உள்ளூர்த் தச்சருக்கு ஒரு நாள் வேலை போதும். பீடி சுற்றுபவரின் முறத்தைச் சற்றே உயர்த்தித் தாங்க ஒரு சாய்வுப் பலகை போதும். நாளெல்லாம் அடுப்படியில் நின்ற தாய்க்கு, மாலையில் முகப்பு நாற்காலியை விட்டுக்கொடுக்க அதுவும் தேவையில்லை.

மன்னனுக்காகப் பல் வெட்டிய இரும்பு, கோல்மனின் கையில் மரக்கழியாகி ஏழை வீடு வரை வந்து சேர்ந்தது. அது இன்னும் எட்ட வேண்டிய இடம் அந்த வீட்டின் உட்புறம். வலிக்கும் முதுகு எதுவோ, நாற்காலி அதற்கே உரியது.